ஒரு நிமிஷம் உள்ள வந்து பாருங்க

கேட்காமலே வழி சொல்கிறவர்கள், பந்தியில் பக்கத்து இலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறவர்கள், பஸ் நிற்பதற்குள் எழுந்து முன்னால் இருப்பவர் முதுகைத் தள்ளுகிறவர்கள் என்று இந்த உலகத்தில் எத்தனையோ வகை மனிதர்கள் உண்டு. அவர்களைப் பற்றியெல்லாம் போதுமான அளவு பேசியாகிவிட்டது. நான் இன்று அறிமுகம் செய்யப்போவது வேறு ஓர் இனம். இந்த இனத்துக்கு நானே ஒரு பெயர் வைத்திருக்கிறேன். திறந்துகாட்டி.

மூடிக் கிடக்கும் எதைப் பார்த்தாலும் திறந்துகாட்டிக்கு மனசு கேட்காது. தூங்குகிற குழந்தையைக் கொசுவலையைத் தூக்கிக் காட்டுவார். குழந்தை விழித்துக்கொண்டு அழுதால், அழுகிற அழகையும் காட்டுவார். பூச்சு வேலை முடியாத வீட்டுக்குள் உங்களைக் கையைப் பிடித்து அழைத்துப் போய், கம்பியும் செங்கல்லும் நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் நிறுத்தி, இதுதான் பூஜை ரூம், கொஞ்சம் கும்பிட்டுக்கோங்க என்பார். மகனுக்குப் பார்த்திருக்கும் பெண்ணின் போட்டோவை, பெண்வீட்டார் பதில் சொல்வதற்கு முன்பே, காலை மின்சார ரயிலில் ஒரு பெட்டி முழுக்கச் சுற்றுக்கு விடுவார். கெட்டவரா? இல்லவே இல்லை. கிடைத்த சந்தோஷத்தைத் தனியாக வைத்துக்கொள்ளத் தெரியாதவர், அவ்வளவுதான். அந்தச் சந்தோஷம் இன்னும் கிடைக்கவே இல்லை என்பது மட்டும்தான் சிக்கல்.

இந்த இனம் எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் செழித்து வளர்வது எங்கள் திருத்தணியில். மற்ற ஊர்களில் திறந்துகாட்டி ஆள் தேடி அலைய வேண்டும். இங்கே மலைமேல் முருகன் இருக்கிறார். செவ்வாய்க்கிழமை, கிருத்திகை, ஆடி, தை என்று ஏதாவது ஒரு சாக்கில் சொந்தக்காரர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். மொட்டை போட்டு, சந்தனம் தடவி, சாமி பார்த்து, மலை இறங்கி, 'இவ்வளவு தூரம் வந்துட்டு உங்களைப் பார்க்காம போனா நல்லா இருக்காது' என்று வாசலில் வந்து நிற்பார்கள். அவர்கள் கேட்பது ஒரு டம்ளர் காபி. கிடைப்பது காபியும் சுற்றுலாவும்.

எங்கள் தெருவில் இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி தணிகாசலம். அரக்கோணம் ரயில் நிலையத்தில் பார்சல் பிரிவில் வேலை. அங்கே அவர் கையால் ஒரு நாளைக்கு எத்தனையோ மூட்டை, எத்தனையோ பெட்டி போகிறது. ஒன்றையும் திறக்கக் கூடாது என்பது சட்டம். அந்தக் குறையைத்தான் மனுஷன் வீட்டுக்கு வந்து தீர்த்துக்கொள்கிறார் என்று நான் நினைக்கிறேன்.

அப்படிப்பட்டவர் வீட்டில் போய்க் காளான் வளர்க்கலாமா? வளர்த்தார்கள்.

வளர்த்தது அவர் மனைவி பிரபாவதி. மகளிர் குழுவில் காளான் பயிற்சி என்று சொன்னபோது, இருபது வருஷமாக 'ரயில்வேக்காரர் வீட்டம்மா' என்றே தெருவில் அழைக்கப்பட்டு வந்த அந்த அம்மாள் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள். பயிற்சி கொடுக்க வந்த பெண் எல்லாவற்றையும் செய்துகாட்டினாள். வைக்கோலைத் துண்டு துண்டாக நறுக்கி, ஊறவைத்து, அண்டாவில் வேகவைத்து, நிழலில் பரப்பி ஆறவைக்க வேண்டும். கையில் எடுத்துப் பிழிந்தால் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. அந்தப் பதம் வந்ததும் பாலித்தீன் பையில் ஒரு அடுக்கு வைக்கோல், அதன்மேல் ஒரு பிடி காளான் விதை, மறுபடி வைக்கோல், மறுபடி விதை என்று நிரப்பி, வாயைக் கட்டி, மூச்சுவிடச் சின்னச் சின்ன ஓட்டை போட்டு, இருட்டான குளிர்ந்த அறையில் தொங்கவிட வேண்டும். உள்ளே விதையிலிருந்து வெள்ளை இழை ஓடும். பை முழுக்க வெளுத்த பிறகுதான் அதைக் கிழித்துக் காற்றும் வெளிச்சமும் காட்ட வேண்டும், அப்போதுதான் மொட்டு வரும்.

"இழை ஓடுற வரைக்கும் உங்க வேலை இன்னா தெரியுமா?" என்று அந்தப் பெண் கடைசியில் கேட்டாளாம். "ஒண்ணும் பண்ணாம இருக்கறது. வெந்த வைக்கோல்னா ஊர்ல இருக்கற பூசணம் எல்லாத்துக்கும் விருந்து. ஈ போனாலும் போச்சு, தூசி போனாலும் போச்சு. கதவைச் சாத்திட்டு வந்துருங்க. இதைவிட சுலபமா ஒரு தொழில் இருக்குதா?"

குழுவே சிரித்தது. பிரபாவதி மட்டும் தன் வீட்டுக்காரரை நினைத்துக்கொண்டாள். சிரிப்பு வரவில்லை.

மணவூரிலிருந்து வைக்கோல் வந்தது. பின்வாசலில் தென்னங்கீற்றால் ஒரு குடில் எழும்பியது. பைகள் தொங்கின. பிரபாவதி கதவைச் சாத்தினாள். அவள் கை எடுப்பதற்குள் தணிகாசலம் கையில் டார்ச் லைட்டோடு வந்து நின்றார்.

அவருடைய சுற்றுலாவுக்கு ஒரு முறை உண்டு. முதலில் ஒரு பெருமூச்சு. "இது சும்மா எல்லாருக்கும் காட்றதில்ல," என்பார், அன்றைக்கு நான்காவது குடும்பத்திடம். அடுத்து சுத்தம். "செருப்பை அங்கியே வுட்டுருங்க, உள்ள ரொம்ப சுத்தமா இருக்கணும்." செருப்பை விட்டுவிட்டு, மலைப்படிகள் அத்தனையிலும் ஒட்டிய மஞ்சளும் குங்குமமும் சூடக்கரியும் தேங்காய்த் தண்ணீரும் காய்ந்துபோன வெறுங்காலோடு எல்லாரும் உள்ளே போவார்கள். கையில் பஞ்சாமிர்தம். பஞ்சாமிர்தத்தைத் தொடர்ந்து ஈ. பிறகு ஒவ்வொரு பையிலும் டார்ச் அடிப்பார். "இருட்டுல வளர்ற சாதி. வெளிச்சமே ஆவாது," என்று விளக்குவார், வெளிச்சம் அடித்துக்கொண்டே. குழந்தைகளிடம், "தொடக்கூடாது கண்ணு," என்பார். பெரியவர்களிடம், "நீங்க அமுக்கிப் பாருங்க, எப்படி கீது?" என்பார். பெரியவர்கள் அமுக்கிப் பார்த்து, "மெத்துனு இருக்குதே," என்று சர்டிபிகேட் கொடுப்பார்கள்.

இடையில் யாரோ ஒரு அத்தை, இத்தனை பேர் பார்க்கிறார்களே, கண்ணு படாதா என்று கவலைப்பட்டாள். அதற்கென்ன, வருகிறவர்களை நிறுத்தலாமே என்று உங்களுக்கும் எனக்கும் தோன்றும். தணிகாசலத்துக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு திருஷ்டிப் பூசணிக்காயை வாங்கி வந்து குடிலுக்குள்ளேயே நடுவில் கட்டினார். குடிலில் முதன்முதலாக வெள்ளையாக ஏதாவது விளைந்தது என்றால் அது அந்தப் பூசணிக்காயின் அடியில்தான்.

இதையெல்லாம் நான் சும்மா சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் அந்தப் பைகளை நம்பி ஒரு பேச்சு நடந்திருந்தது. அரக்கோணம் ஸ்டேஷன் பக்கத்தில் பிரியாணி ஓட்டல் வைத்திருக்கும் முக்தார் அகமதுவைப் பிரபாவதி தானே நேரில் போய்ப் பார்த்திருந்தாள். அவர் கஷ்டம் அவருக்கு.

"கிருத்திகைன்னா என் கடையில பாதி டேபிள் காலி மா," என்றார் அவர். "வேற ஆளுங்க இல்ல, அதே ஆளுங்க, அதே பசி. கறி மட்டும் வேணாம்றாங்க. காளான் பிரியாணி போட்டா வருவாங்க. மெட்ராஸ்ல இருந்து டப்பாவுல வர்றது வாடி வதங்கி வருது. தை கிருத்திகைக்கு நீங்க ஃப்ரெஷ்ஷா குடுத்தீங்கன்னா, அப்புறம் வாரா வாரம் உங்ககிட்டதான். ஆனா பேர் போட்டு போர்டு வச்ச பின்னால சரக்கு இல்லைன்னு சொல்லக் கூடாது. மொதல்ல ஒரு கூடை விளைஞ்சதைக் கண்ணால பார்க்கணும்."

பிரபாவதி சரி என்றாள். குழுவில் மற்ற பெண்கள் யாரும் இன்னும் ஆரம்பிக்கவில்லை. பிரபாவதிக்கு வந்தால் நாமும் செய்யலாம், வராவிட்டால் அண்டா மிச்சம் என்று காத்திருந்தார்கள். தன் பெயரில் ஒரு வேலை, தன் பேச்சை நம்பி ஒரு ஓட்டல், தன்னைப் பார்த்துக்கொண்டு ஒரு குழு. அவளுக்கு வாழ்க்கையில் இதெல்லாம் முதல் தடவை.

இரண்டாவது வாரம் பைகளில் நிறம் தெரிந்தது. வெள்ளை இல்லை, பச்சை.

"பச்சை வந்துகீது பாரு," என்றார் தணிகாசலம், செடி துளிர்விட்டதைச் சொல்வது போன்ற குரலில். "உயிர் புடிச்சிகிச்சு."

"அது பூசணம்," என்றாள் பிரபாவதி.

"காளானும் பூசணம்தான்னு நீதானே சொன்ன?"

"நீங்களும் ரயில்வே, டிரைவரும் ரயில்வே. உங்க கையில இஞ்சினைக் குடுப்பாங்களா?"

அவருக்கு அது கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் காரணங்கள் வரிசையாக வந்தன. வைக்கோல் சரியில்லை. மணவூர்க்காரன் பழைய கட்டைத் தள்ளிவிட்டுவிட்டான். விதை கொடுத்தவர்கள் சரியில்லை. திருத்தணி வெயில் சரியில்லை. இது மார்கழி மாதம் என்று சொன்னால், மார்கழியும் முன்னே மாதிரி இல்லை. பூசணிக்காய் கட்டிய பிறகும் இப்படி ஆகிறதென்றால் யாரோ பலத்த கண்ணாக இருக்க வேண்டும். காரணங்களின் பட்டியலில் ஒருவர் மட்டும் இல்லை. அவர் டார்ச் லைட்டோடு அடுத்த குடும்பத்தை வரவேற்கப் போயிருந்தார். "எப்படி ஆவக் கூடாதுன்னு தெரிஞ்சிக்கணும்னா ஒரு நிமிஷம் உள்ள வந்து பாருங்க."

பிரபாவதி பைகளையெல்லாம் தூரமாகக் கொண்டுபோய்க் குழியில் போட்டு மூடினாள். அண்டாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். எனக்கு அவளைப் பார்க்க நிஜமாகவே பாவமாக இருந்தது. வீட்டுக்காரரிடம் கத்தியிருந்தால்கூடத் தேவலை. கத்தி என்ன ஆகப்போகிறது? திறந்துகாட்டியைத் திட்டினால், திட்டு வாங்கியதையும் நாலு பேருக்குக் காட்டுவார்.

தை கிருத்திகைக்கு இன்னும் ஒரு ஈடு விளைவிக்க மட்டும்தான் நாள் இருந்தது. நடுவில் எங்கள் ஊர்ப் படித் திருவிழா வேறு. வருஷக் கடைசியில் படிக்குப் படி பூஜை போட்டு, பாட்டுப் பாடி, புது வருஷத்தை மலைமேல் பார்ப்பது எங்கள் ஊர் வழக்கம். அதற்கு வராத சொந்தக்காரர் கிடையாது. ஆந்திராப் பக்கமிருந்து அவள் பிறந்த வீட்டு ஆட்களே ஒரு வேன் நிறைய வருவார்கள்.

பிரபாவதி மறுபடியும் வைக்கோல் வாங்கினாள். இந்தத் தடவை வேகவைத்தது பின்தெரு ஹெப்சி வீட்டு முற்றத்தில். ஹெப்சியும் அதே குழுதான். அங்கே குழாயில் தண்ணீர் நன்றாக வருகிறது என்று காரணம் சொன்னார்கள். இரண்டு பெண்களும் நாள் முழுக்க அங்கேயே இருந்தார்கள். சாயங்காலம் குடிலில் பைகள் புதிதாகத் தொங்கின. தணிகாசலம் டார்ச்சைக் கையில் எடுத்துக்கொண்டு, சண்டைக்குத் தயாராக வந்தார்.

"எங்கே போறீங்க?" என்று கேட்டாள் பிரபாவதி.

"சும்மா... ஒரு நிமிஷம்..."

"போய்ப் பாருங்க. யார் வந்தாலும் தாராளமா கூட்டினு போய்க் காட்டுங்க. மறைச்சு வைக்க இன்னா இருக்குது?"

மனுஷன் அப்படியே நின்றுவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து கேட்காத வார்த்தை. புத்தியுள்ள யாரும் அந்த இடத்தில் சந்தேகப்பட்டிருப்பார்கள். தணிகாசலம் சந்தோஷப்பட்டார். கடைசியில் இவளுக்கும் அதன் அருமை தெரிந்துவிட்டது என்று எதிர்வீட்டில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

அந்த வாரம் அவருக்கு ஒரே ஒரு குறை. கழுத்து வலித்தது. தலையணை ஏனோ தட்டையாகிவிட்டது. "இலவம் பஞ்சுன்னு சொல்லி ஏமாத்திட்டான்," என்று கடைக்காரனைத் திட்டிக்கொண்டே, மடக்கி வைத்துப் படுத்துப் பார்த்தார்.

புது வருஷக் காலையில் வேன் வந்தது. பிரபாவதியின் தம்பி எழிலன் நகரியில் ஜவுளிக்கடை வைத்திருப்பவன்; அக்கா புருஷனை அந்தப் பக்கத்து வழக்கப்படி பாவா என்பான். மலை ஏறி இறங்கிய களைப்பில் உட்கார்ந்தவனைத் தணிகாசலம் உட்காரவிடவில்லை.

"அக்கா விடியக்காத்தால இருந்து கண்ணுலயே படலியே பாவா, எங்க?" என்றான் எழிலன்.

"ஹெப்சி வீட்டுல இன்னாவோ வேலைன்னு போயிருக்கா. அதை வுடு. நீ வா, ஒரு நிமிஷம்."

குடிலுக்குள் வேனில் வந்த அத்தனை பேரும் நுழைந்தார்கள். டார்ச் வெளிச்சம் பைமேல் விழுந்தது. வைக்கோலுக்கு நடுவில், பையின் ஓரமெல்லாம் வெள்ளை வெளேரென்று படர்ந்திருந்தது.

"அபாரம் பாவா," என்றான் எழிலன். "பஞ்சு மாதிரியே கீது."

"பஞ்சு மாதிரிதான்டா இருக்கும். பஞ்சு மாதிரி இல்லைன்னாதான் தப்பு," என்றார் தணிகாசலம். "மொத ஈட்டுல இந்த வெள்ளை வரவே இல்ல. இப்ப பாரு. பை தொங்கவிட்ட அன்னிக்கே வந்துருச்சு."

அன்றைக்கே வந்துவிட்டது என்று அவர் வாயாலேயே சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த யாருக்கும், அவருக்கும், அதில் எதுவும் உறுத்தவில்லை. ஒரு பெரியம்மா பையில் மூக்கை வைத்து, காளான் வாசனை கமகமவென்று வருகிறது என்றாள். ஒரு சித்தப்பா, தன் வீட்டில் இதைவிடப் பெரிய காளான் பார்த்திருப்பதாகச் சொன்னார். போட்டோ எடுத்தார்கள். நானும் அந்த வாரத்தில் இரண்டு முறை உள்ளே அழைத்துப் போகப்பட்டு, இரண்டு முறையும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

அதற்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முக்தார் பாய் அரக்கோணத்திலிருந்து வண்டியில் வந்தார். பிரபாவதி வரச்சொல்லியிருந்த நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். அவள் வீட்டில் இல்லை. தணிகாசலம் இருந்தார். இதைவிடப் பெரிய விருந்தாளி அவருக்கு இதுவரை கிடைத்ததில்லை.

"வாங்க பாய், வாங்க. அவ இப்ப வந்துருவா. அதுக்குள்ள ஒரு நிமிஷம் உள்ள வந்து பாருங்க."

முக்தார் பாய் குடிலுக்குள் வந்தார்; அந்த நேரம் பார்த்து அங்கே மாட்டிக்கொண்ட நானும் மூன்றாவது முறையாகப் போனேன். மற்றவர்களைப் போல ஆகா, ஓகோ என்று எதுவும் சொல்லவில்லை. ஒரு பையை அமுக்கினார். பக்கத்துப் பையை அமுக்கினார். ஓட்டையில் விரலை விட்டு வெள்ளையாகக் கொஞ்சம் வெளியே இழுத்து, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டிப் பார்த்தார்.

"சார், இது பஞ்சு."

"ஆங், பஞ்சு மாதிரிதான் பாய் இருக்கும்."

"மாதிரி இல்ல சார். பஞ்சு. இலவம் பஞ்சு. எங்க அத்தா மெத்தை தைச்சவரு. நான் வளர்ந்ததே இந்தப் பஞ்சு மேலதான். எனக்குத் தெரியாதா?" அவர் குரலில் இருந்த மரியாதை குறைந்துகொண்டே வந்தது. "வைக்கோல்ல பஞ்சைத் திணிச்சு வச்சிகினு காளான்னு காட்டினு இருக்கீங்களா? இதை நம்பி போர்டு எழுதக்கூட சொல்லிட்டேனே சார்."

வாசலில் நின்ற வண்டியைப் பார்த்து அவர் திரும்பினார். அந்த வண்டி கிளம்பிவிட்டால் போனது ஒரு ஓட்டல் மட்டும் இல்லை. குழுப் பெண்கள் அத்தனை பேருக்கும் மாலைக்குள் செய்தி போய்விடும், பிரபாவதி பஞ்சைக் காட்டி ஏமாற்றினாள் என்று.

தணிகாசலம் ஒரு பையைப் பிய்த்தார். கை நிறையப் பஞ்சு வந்தது. அடுத்ததைப் பிய்த்தார். பஞ்சு. ஒரு பஞ்சுக் கட்டியில் பச்சை நூலில் போட்ட தையல் ஒட்டிக்கொண்டிருந்தது. அது அவர் தலையணையின் தையல். தினமும் தலைக்கு அடியில் வைத்துப் படுத்தது, அவருக்கு அடையாளம் தெரியாதா? முகம் எப்படிப் போனது என்று நான் எழுத விரும்பவில்லை. அந்த ஒரு கணம் எனக்கு அந்த மனுஷன்மேல் இரக்கம்தான் வந்தது.

பிறகு அவர் ஒரு காரியம் செய்தார். குடிலை விட்டு வெளியே வந்து, கதவை இழுத்துச் சாத்தி, அதன் குறுக்கே நின்றுகொண்டார். அவர் ஒரு கதவைச் சாத்தி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"பாய், இதைப் பார்த்தது பார்க்காததா இருக்கட்டும்," என்றார். "அவ யாரையும் ஏமாத்தறவ இல்ல. இன்னான்னு எனக்குப் புரியல. ஆனா அவ வர்ற வரைக்கும் இருந்து ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போங்க. உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன்."

முக்தார் பாய் வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் சந்து வழியாகப் பிரபாவதியும் ஹெப்சியும் வந்தார்கள். இருவர் கையிலும் ஒவ்வொரு கூடை. மேலே ஈரத்துணி.

பிரபாவதி அவர்கள் நிற்பதைப் பார்த்தாள், வீட்டுக்காரர் தலையிலும் சட்டையிலும் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்தாள். கூடையை முக்தார் பாய் முன்னால் வைத்துத் துணியை எடுத்தாள். சிப்பி சிப்பியாக, ஓரம் கிழியாமல், வெள்ளையும் லேசான சாம்பலுமாக, காலையில் பறித்த காளான். மழை பெய்த தரையில் வருமே, அந்த வாசனை.

முக்தார் பாய் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். உடைத்து மோந்தார். சாவியைப் பையில் போட்டார்.

"அப்போ அது இன்னா மா?" என்று குடிலைக் காட்டிக் கேட்டார்.

"அது விருந்தாளிங்களுக்கு பாய்," என்றாள் பிரபாவதி.

"நிஜமா எங்க வளருது?"

"அதை மட்டும் கேக்காதீங்க. வாரா வாரம் வரும்."

வளர்ந்தது ஹெப்சி வீட்டுக்குப் பின்னால் காலியாகக் கிடந்த ஓட்டு அறையில். அதைத் தேர்ந்தெடுத்த காரணத்தை ஹெப்சியே பிறகு எனக்குச் சொன்னாள். "எங்க வீட்டுக்கு மலைக்கு வர்ற சொந்தக்காரங்க யாரு இருக்காங்க? எங்க ஆளுங்க கிறிஸ்மஸுக்கு வந்து கேக் தின்னுட்டுப் போயிடுவாங்க. பின்னாடி ஒரு ரூம் இருக்கறதே அவங்களுக்குத் தெரியாது. இந்த ஊர்லயே விருந்தாளி தொல்லை இல்லாத வீடு எங்களுதுதான்னு அக்கா கண்டுபுடிச்சாங்க."

முக்தார் பாய் இரண்டு கூடையையும் வண்டியில் கட்டிக்கொண்டு போனார். தை கிருத்திகைக்குப் போர்டு வைப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். வாசலில் தணிகாசலமும் பிரபாவதியும் மட்டும் நின்றார்கள்.

"என் தலைகாணியா?" என்றார் அவர்.

"உங்களுதுதான். எனுதுல கை வைக்கல."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா அன்னிக்கே நாலு பேரை ஹெப்சி வீட்டுக்குக் கூட்டினு போயிருப்பீங்க," என்றாள் பிரபாவதி. பிறகு குரலைத் தணித்து, "பாய் கிளம்பாம நீங்கதான் நிக்க வச்சீங்கன்னு ஹெப்சி சொல்றா. எனக்கு முன்னால வந்தவ சந்துல இருந்தே கேட்டாளாம்," என்றாள்.

அன்றைக்கு இரவு, ஹெப்சி வீட்டில் மிச்சம் வைத்திருந்த காளானில் குழம்பு. தணிகாசலம் சாப்பிட்டார், நன்றாக இருந்தது என்றுகூடச் சொல்லவில்லை. மறுநாள் ரயிலில் யாரிடமும் பேசவில்லை. உடம்பு சரியில்லையா என்று பெட்டியே விசாரித்தது. ஒரு வாரம் போனது. குடில் கதவு சாத்தியே கிடந்தது. சரி, ஒரு திறந்துகாட்டி திருந்திவிட்டார், இந்தச் சித்திரத்தை இந்த இடத்தில் நல்லபடியாக முடித்துவிடலாம் என்று நானும் நினைத்தேன்.

தை கிருத்திகை வந்தது. தெரு முழுக்கக் காவடி, மேளம், மஞ்சள் துணி. அரக்கோணத்தில் முக்தார் பாய் கடையில் காளான் பிரியாணிக்கு ஆட்கள் காத்துக்கொண்டு நின்றார்கள் என்று பார்த்துவிட்டு வந்தவர்கள் சொன்னார்கள். குழுவில் இன்னும் சில பெண்கள் வைக்கோலுக்குச் சொல்லிவிட்டார்கள். தெருக்கோடி கடையில் யாரோ முகவரி கேட்டபோது, 'காளான்காரம்மா வீடா? நேராப் போங்க' என்று சொன்னதை என் காதாலேயே கேட்டேன். நேராகப் போய்ப் பார்த்தால், அந்த வீட்டு வாசலில் கூட்டம். நடுவில் தணிகாசலம். கையில் டார்ச்.

"என் பொண்டாட்டி என்னை எப்படி ஏமாத்தினா தெரியுமா?" என்று சொல்லிக்கொண்டிருந்தார், முகமெல்லாம் பெருமையாக. "ஓட்டல்காரர் வர்ற வரைக்கும் இந்த ஊர்ல ஒருத்தன் கண்டுபுடிக்கல. இதோ, இந்தப் பையில இருக்கறது என் தலைகாணி. தையல் கூட அப்படியே கீது. நம்பலைன்னா ஒரு நிமிஷம் உள்ள வந்து பாருங்க."

முன்னைவிட இப்போது கூட்டம் அதிகம். காளானைப் பார்க்க வந்தவர்களைவிட, ஏமாந்தவரைப் பார்க்க வருகிறவர்கள் அதிகமாகத்தானே இருப்பார்கள்? பிரபாவதிக்கும் இதில் வருத்தம் இல்லை. ஊரார் கால் எல்லாம் இந்தக் குடிலுக்கே வந்துவிடுவதால், பின்தெருவில் ஹெப்சி வீட்டு அறை நிம்மதியாக இருட்டில் வெளுத்துக்கொண்டிருக்கிறது. வீட்டுக்காரருக்குப் புதுத் தலையணை வாங்கிக் கொடுத்துவிட்டாள்.

இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரித்திருப்பீர்கள். நம் மச்சான் இப்படித்தான், மேல்வீட்டுக்காரர் இப்படித்தான் என்று ஆளைக்கூடக் கண்டுபிடித்திருப்பீர்கள். நல்லது. ஆனால் இட்லிப் பானையின் மூடியைப் பாதியில் தூக்கிப் பார்த்தது யார்? மகள் வேலைக்குப் போட்ட விண்ணப்பத்துக்குப் பதில் வருவதற்கு முன்பே, அவளுக்கு வேலை கிடைத்த மாதிரிதான் என்று கல்யாண வீட்டில் நாலு பேரிடம் சொன்னது யார்? தொட்டியில் விதை போட்டுவிட்டு, முளைத்துவிட்டதா என்று விரலால் கிளறிப் பார்த்தது?

'அது வேற. எங்க வீட்டுல அந்த மாதிரி பிரச்சினையே கிடையாது. நான் எதைக் கேட்டாலும் காட்றாங்க, எங்க போனாலும் தடுக்கறதில்ல, சமீபமா யாரும் என்கிட்ட ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசறதில்ல' என்கிறீர்களா? சரிதான். தணிகாசலத்தையும் அந்த நாட்களில் யாரும் தடுக்கவில்லை.

நான் ஒன்றும் சொல்லவில்லை. இன்றைக்கு ராத்திரி படுக்கும்போது தலையணையை மட்டும் ஒரு தடவை அமுக்கிப் பாருங்கள்.